இரக்கம் வற்றுமா?

கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். அதை ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். உறையாமல் ஓடினால், விரியன் பாம்பின் நஞ்சு ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி இதே சோதனை. காட்டு வேலை செய்கிறவர்கள் வந்து சேரும் மருத்துவமனைகளில் இது பழகிய வேலைதான். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு குழாய், ஒரு கடிகாரம், ஒரு செவிலியர் போதும்.

அந்தச் செவிலியரை நாம் கற்பனை செய்துகொள்வோம். குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல இது. எந்தப் பெரிய மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது. சேலம் அம்மாபேட்டைக்காரர். வயது முப்பத்தைந்து. நைட் டியூட்டி. குழாயில் இருப்பது, நாமக்கல் பக்கம் மரவள்ளிக் காட்டில் கடிபட்ட ஒன்பது வயதுப் பையனின் ரத்தம். "எம் பையனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல சிஸ்டர்?" என்று அவனுடைய அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். அந்த 20 நிமிடத்துக்குள் சிஸ்டர் இன்னும் நான்கு கட்டில்களுக்குப் போய்வர வேண்டும். அவற்றில் ஒன்றில் ஒரு பெரியவர் இறந்துபோகிறார். டாக்டர் வந்து உறுதிசெய்தபின் ஊசியைக் கழற்றி, டியூப்களை எடுத்து, துணியால் மூடி, கேஸ் ஷீட்டில் நேரம் எழுதிவிட்டு, கை கழுவிக்கொண்டு பையனிடம் திரும்புகிறார். குழாயைச் சாய்த்துப் பார்க்க நேரமாகிவிட்டது.

காலையில் அடுத்த ஷிப்டுக்கு வந்தவரிடம் வார்டை ஒப்படைத்து 'ஓவர்' கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறார். தெருவில் தறிச் சத்தம் தொடங்கியிருக்கிறது. "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். "ஒண்ணுமில்ல" என்கிறார்.

உண்மையில் நிறைய இருக்கிறது. அது எங்கே போய்ச் சேர்கிறது, ஆளை என்ன செய்கிறது, அதை இறக்கிவைக்க வழி உண்டா என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சிகள் நடந்துவருகின்றன. அவற்றிலிருந்து கிடைத்த மிக முக்கியமான விடை, நாம் பொதுவாக நம்புவதற்கு நேர் எதிராக இருக்கிறது.

கட்டில் எண்ணுக்குப் பின்னால்

"நாலு வருஷம் போனா எல்லாம் மரத்துப்போயிரும்" என்று புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணிடம் மூத்தவர்கள் சொல்வதுண்டு. அன்பாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் தேற்றுகிற விதம் அது. மரத்துப்போவது தற்காப்பு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ். லண்டனின் ஒரு பயிற்சி மருத்துவமனையில் செவிலிய மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலேயே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆராய்ச்சி செய்த மென்சீஸ், 1960-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரத்தை விவரித்தார். அங்கே எந்தச் செவிலியரும் எந்த நோயாளியுடனும் நீண்ட நேரம் இருக்க முடியாதபடி வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவர் எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பார். இன்னொருவர் எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பார். நோயாளிக்குப் பெயர் கிடையாது. '10-ஆம் கட்டில் ஈரல்' என்பதுதான் பேச்சு. நம் வார்டுகளில் '7-ஆம் நம்பர் பெட்' என்று சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததே.

வலியிலிருந்தும் மரணத்திலிருந்தும் செவிலியரைத் தள்ளிவைப்பதற்காக, யாரும் திட்டமிடாமலேயே வளர்ந்துவிட்ட ஏற்பாடு இது என்றார் மென்சீஸ். ஆனால் இது யாரையும் காக்கவில்லை. பதற்றம் அப்படியே இருந்தது. நோயாளி குணமாகிப் போகும்போது கிடைக்க வேண்டிய மனநிறைவு மட்டும் காணாமல் போயிற்று. எதற்காக இந்த வேலைக்கு வந்தார்களோ, அதையே இந்த ஏற்பாடு அவர்களிடமிருந்து பறித்துவிட்டது.

1992-இல் அமெரிக்கச் செவிலியர் இதழ் ஒன்றில் கார்லா ஜாய்ன்சன், செவிலியரின் மனம் இப்படி வற்றிப்போகும் நிலைக்கு 'இரக்கச் சோர்வு' என்று பெயர் வைத்தார். பெயர் உலகெங்கும் பரவியது. இரக்கம் அளவாகத்தான் இருக்கும், செலவழிக்கச் செலவழிக்கத் தீர்ந்துபோகும் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்து பரவியது.

மூளை காட்டிய வித்தியாசம்

2004-இல் டானியா சிங்கர் என்ற நரம்பியல் அறிஞர் லண்டனில் 16 இணையரை வைத்து ஒரு சோதனை செய்தார். இணையரில் பெண்ணை மூளைப் படக் கருவிக்குள் படுக்கவைத்து, சில நேரம் அவர் கையிலும் சில நேரம் அருகில் இருந்த துணைவரின் கையிலும் சுருக்கென்று மின்வலி கொடுத்தார்கள். தன் வலியின்போது மூளையில் துடித்த இடங்களில் சில, துணைவரின் வலியின்போதும் துடித்தன. முன்புற இன்சுலா என்ற பகுதி அவற்றில் முக்கியமானது. வலி எந்த இடத்தில் என்று காட்டும் பகுதிகள் சும்மா இருந்தன. வலியின் வேதனையை உணர்த்தும் பகுதிகள் இயங்கின. பிறர் வலியைப் பார்த்து நமக்கு வலிப்பது பேச்சுக்குச் சொல்வதல்ல, உடலில் நடக்கும் உண்மை என்று தெரிந்தது.

அப்படியானால் பெரியவரின் மரணமும் பையனின் தாயின் கேள்வியும் அந்த இரவில் நம் செவிலியரின் மூளையில் வேதனையாகவே பதிவாகியிருக்கின்றன. இப்படி ஓர் இரவு என்றால் தாங்கலாம். ஆண்டுக்கணக்கில் என்றால்?

சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் அடுத்து செய்த ஆய்வில்தான் திருப்பம் வந்தது. துன்பப்படும் மனிதர்களின் காணொளிகளைச் சில பெண்களுக்குக் காட்டினார்கள். முதலில், அந்தத் துன்பத்தைத் தாமும் அப்படியே உணரும்படி பயிற்சி கொடுத்தார்கள். வேதனை கூடியது, இன்சுலா பகுதி இன்னும் வேகமாக இயங்கியது. பிறகு அதே பெண்களுக்கு வேறொரு பயிற்சி: துன்பப்படுகிறவர் நலமடைய வேண்டும் என்று கனிவோடு விரும்பும் பயிற்சி. இப்போது வேதனை குறைந்தது. துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனதில் ஓர் இதம் எழுந்தது. மூளையில் இயங்கிய பகுதிகளும் மாறின. அன்போடும் பற்றோடும் தொடர்புடைய முன்மூளையின் அடிப்பகுதியும், உட்பகுதியிலுள்ள ஸ்ட்ரையேட்டமும் விழித்துக்கொண்டன.

ஆக, நாம் ஒன்றாக நினைத்துக்கொண்டிருந்தவை உண்மையில் இரண்டு. பிறர் வலியில் மூழ்குவது ஒன்று. அங்கே மனதில் ஓடுவது, "ஐயோ, என்னால் தாங்க முடியவில்லையே." அந்த வலியைக் கண்டு உதவ முற்படும் இரக்கம் வேறொன்று. அங்கே மனதில் ஓடுவது, "இவருக்கு இப்போது நான் என்ன செய்யலாம்?" முதலாவது ஆளைத் தேய்க்கிறது. இரண்டாவது தாங்கிப் பிடிக்கிறது. இரக்கச் சோர்வு என்று பெயர் வைத்தோமே, அதில் சோர்வது இரக்கம் அல்ல.

ஆய்வுக்கூடமும் வார்டும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. காணொளி பார்ப்பதும் கண்ணெதிரே ஒரு குழந்தை திணறுவதைப் பார்ப்பதும் வேறு வேறு. ஆனாலும் மூழ்குதலிலிருந்து இரக்கத்துக்கு நகர முடியும், அதைப் பழகிக்கொள்ளவும் முடியும் என்பதே ஒரு பெரிய நம்பிக்கை. 'மரத்துப்போ' என்று சொல்லாமல் 'இப்படி நகர்ந்துகொள்' என்று இளம் செவிலியருக்கு இனி நாம் சொல்லலாம்.

கை கழுவும் நாற்பது நொடி

நகர்வது எப்படி? 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியுள்ள நோயாளிகளுக்காக சில வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். ஆசியத் தியான மரபுகளிலிருந்து சடங்குகளை நீக்கி எடுத்த பயிற்சி அது. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் எட்டு வார வகுப்பாக இன்று மருத்துவ உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் சாரம் எளிது: இந்த நொடியில் உடலிலும் மனதிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. செவிலியரிடம் இதைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மன அழுத்தம் ஓரளவு குறைகிறது என்று அவை சொல்கின்றன. ஓரளவுதான், மாயம் எதுவும் இல்லை.

எட்டு வார வகுப்புக்கு எந்த வார்டு செவிலியருக்கு நேரம் இருக்கிறது? நேரம் ஏற்கெனவே டியூட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 நொடி, கிருமிநாசினி தேய்க்க 20 முதல் 30 நொடி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் இதைச் செய்தாக வேண்டும். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி ஏற்கெனவே கட்டாயமாக இருக்கிறது.

அந்த நாற்பது நொடியில் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலில் தண்ணீரின் குளிர்ச்சியையும் தரையில் பதிந்திருக்கும் பாதங்களையும் உணர்வது. கண்ணை மூட வேண்டியதில்லை. கொடுமையானதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குக் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே திரும்ப வரக்கூடும். அடுத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குவது. மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகி இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. இது உடலின் இயல்பு. நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும்.

மூன்றாவது, மனதில் இருப்பதற்குப் பெயர் சொல்வது. "இது பயம்." "இது கோபம்." "அந்தப் பெரியவர் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது." அவ்வளவுதான். கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முகங்களில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு சொல்லால் பெயர் கொடுத்தபோது, ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலாவின் இயக்கம் குறைந்தது. நெற்றிக்குப் பின்னாலுள்ள ஒரு பகுதியின் இயக்கம் கூடியது. பெயர் சொல்வதாலேயே உணர்ச்சியின் பிடி சற்றுத் தளர்கிறது.

அம்மாபேட்டையில் தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் தேவை சட்டென்று புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்திப் பிணைத்துவிட்டுத்தான் மேலே ஓட்டுவார். ஓரிழைதானே என்று விட்டால், அது பக்கத்து இழைகளில் சிக்கி, முழங்கணக்கில் துணி பழுதாகும். பிணைக்க ஆவதோ சில நொடி.

மரணத்துக்குப் பிறகு சற்று நிற்கும் நேரத்தை ஒரு வழக்கமாகவே ஆக்கியவர் ஜொனதன் பார்ட்டெல்ஸ். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அப்போது அவசர சிகிச்சைச் செவிலியராக இருந்தவர். காப்பாற்ற முயன்று முடியாமல் போன பிறகு, எல்லோரும் கலைந்து ஓடுவதற்கு முன், கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மௌனமாக நிற்கச் சொன்னார். இவரும் ஒருவருக்கு மகனாகவோ தாயாகவோ இருந்தவர், நாமும் நம்மால் ஆனதைச் செய்தோம் என்பதற்கான மரியாதை. எந்த மதத்தின் பிரார்த்தனையும் அல்ல. அவரவர் வழக்கப்படி நிற்கலாம். டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை யார் வேண்டுமானாலும் அந்த மௌனத்துக்கு அழைக்கலாம். 2014-இல் அவர் இதைச் செவிலியர் இதழில் எழுதிய பிறகு பல நாடுகளில் இது பழக்கத்துக்கு வந்தது. இதற்கு ஆகும் செலவு ஒரு பைசா இல்லை.

தனியாகச் சுமக்காமல்

நொடிக் கணக்கில் நிற்பது ஒரு பாதி. திரும்பிப் பார்ப்பது இன்னொரு பாதி. 1994-இல் பாஸ்டனைச் சேர்ந்த கென்னத் ஸ்வார்ட்ஸ் என்ற நாற்பது வயது வழக்கறிஞருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மருந்துகளைவிடத் தன்னைத் தாங்கியவை, செவிலியரும் மருத்துவர்களும் விதியைச் சற்றுத் தளர்த்திக் கையைப் பிடித்த தருணங்களே என்று இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதினார். 1995-இல் அவர் இறந்தார். அவர் பெயரில் தொடங்கிய மையம் 'ஸ்வார்ட்ஸ் சுற்று' என்ற கூட்டத்தை உருவாக்கியது. மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், மருத்துவமனையில் எல்லாத் தரப்பினரும் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். சிகிச்சை சரியா தவறா என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. அந்த நாள் உங்களுக்கு எப்படி இருந்தது என்பதுதான் பேச்சு.

பிரிட்டனில் ஜில் மேபன் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. கூட்டங்களில் தொடர்ந்து கலந்துகொண்டவர்களில் மன உளைச்சலில் இருந்தவர்களின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. வராதவர்களிடம் 37-இலிருந்து 34 ஆனது. வந்தவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள் என்பதால், முழுப் பலனையும் கூட்டத்தின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆனாலும் பாதிக்குப் பாதி குறைவு அலட்சியப்படுத்தக்கூடியதல்ல.

விருப்பம் என்பது இங்கே முக்கியம். பேரதிர்ச்சிக்கு ஆளானவரை உடனே உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைத்தால் நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2002-இல் அதில் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று காட்டியது. ஆகவே இத்தகைய கூட்டங்களில் பேச மனமில்லாதவர் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். எழுதலாம். பேசியதைப் பதிவேட்டில் எழுதி வைக்கக் கூடாது. மேலதிகாரியிடம் கொண்டுபோகவும் கூடாது.

நம் வார்டுகளில் ஓவர் எடுக்கும் நேரத்தோடு ஐந்து நிமிடம் சேர்த்தால் ஒரு தொடக்கம் கிடைக்கும். மூன்று கேள்விகள் போதும். என்ன நடந்தது? அது ஏன் மனதில் தங்கியது? அடுத்த முறை என்ன செய்யலாம்? "நீங்க நல்லாத்தான் பாத்தீங்கக்கா, அவருக்கு முடியல" என்று பக்கத்து வார்டு சிஸ்டர் சொல்லும் ஒரு வாக்கியம், வீட்டில் யாராலும் சொல்ல முடியாதது. அந்த இரவு என்ன நடந்தது என்று கூட வேலை செய்தவருக்குத்தான் தெரியும்.

தனியாக வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே வலிநிவாரணச் செவிலியர் போகிறார். குணமாகாத நோயாளிகளையே ஒவ்வொரு வீடாகப் பார்த்துவரும் அவருக்கு ஓவர் கொடுக்க எதிரே ஆள் இல்லை. மாதம் ஒரு நாளாவது அத்தகையவர்கள் ஒன்றாக உட்கார வழி செய்ய வேண்டும்.

சேர்ந்து சுமந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு மும்பையில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று பணியிடத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து படுக்கையில் விழுந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அந்த மருத்துவமனைச் செவிலியர்களே அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். அவருக்குக் கருணைக் கொலை கேட்டுத் தொடரப்பட்ட வழக்கில் 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்பதைக் குறிப்பிட்டு அவர்களை மனதாரப் பாராட்டியது. பார்த்துக்கொண்டவர்களில் பலர், அவர் தாக்கப்பட்டபோது வேலைக்கே வராதவர்கள். அவரை முன்பின் அறியாதவர்கள். மூத்தவர்கள் ஓய்வு பெறப் பெற அடுத்தவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். இது அறிவியல் சோதனை அல்ல. ஆனால் இரக்கம் செலவழித்தால் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த 42 ஆண்டுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் தனியாகச் சுமக்கவில்லை.

மூச்சுப் பயிற்சியால் நிரப்ப முடியாத இடம்

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் பயிற்சிகளால் செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். 2002-இல் லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு முறையும், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியர் மனம் கருகிப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஆள் பற்றாக்குறையை மூச்சுப் பயிற்சியால் நிரப்ப முடியாது.

இந்தியச் செவிலியர் கழகத்தின் விதிப்படி, பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும். மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர். விடுப்பில் போகிறவர்களை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதலாகவும் வேண்டும். இது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்த கணக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு, நள்ளிரவில் எந்த வார்டுக்குள் நுழைந்தும் கட்டில்களை எண்ணிப் பார்த்து இந்த விதியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வேலை நிரந்தரமா என்ற கவலையும் மனதைத் தின்னும். 2015-இல் தேர்வெழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியதைத் தமிழகம் பார்த்தது. கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது சேலத்திலும் போராட்டம் நடந்தது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் "இந்த நொடியில் வாழுங்கள்" என்று சொல்வது அறிவுரை ஆகாது.

ஆகவே இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும். விதிப்படி ஆட்கள் வேண்டும். அதோடு ஓவரில் ஐந்து நிமிடமும் மாதத்தில் ஒரு மணி நேரமும், டியூட்டி நேரமாகவே கணக்கில் எழுதப்பட்டு, கிடைக்க வேண்டும். செவிலியர் கல்லூரிகளில் ஊசி போடவும் டிரிப்ஸ் ஏற்றவும் சொல்லிக்கொடுக்கும் அதே அக்கறையோடு, ஒரு மரணத்துக்குப் பிறகு எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த முறை வார்டில் சிஸ்டர் சுள்ளென்று பேசினால், அவருக்கு இரக்கமே இல்லை என்று முடிவுகட்டும் முன், இன்றிரவு அவருக்கு எத்தனை கட்டில் என்று கேட்டுப் பாருங்கள். பதில் விதியைத் தாண்டியிருந்தால் அந்தக் கோபத்தை அவர்மேல் காட்டாதீர்கள். மருத்துவமனை நிர்வாகத்துக்கு மனு எழுதுங்கள். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். நம் வீட்டுப் பிள்ளையின் கட்டிலுக்கு அருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றால் மட்டும் போதாது. நிற்கிறவருக்கு நேரமும் துணையும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.